தோட்டத்துல தானா வந்த காட்டு ஆர்க்கிட்: தோண்டலாமா, விடலாமா?

கேள்வி இதுதான்: வீட்டுத் தோட்டத்துல ஒரு மூலையில புல்லு வெட்டாம விட்டிருக்கீங்க, வசந்தம் வந்ததும் அங்க ஊதா நிறத்துல ஆறேழு பூத்தண்டு எழும்பியிருக்கு, போன்ல இருக்கற ஆப் காட்டு ஆர்க்கிட்னு சொல்லுது, வீட்டு முன்னாடி வேலி கூட இல்ல. நிஜமாவே ஆர்க்கிட்தானா, தோண்டி தொட்டிக்கு மாத்தலாமா, உரம் போடணுமா, அடுத்த வருஷமும் வருமானு கேட்டிருக்கீங்க.

மொதல்ல அவசரமானத சொல்லிடறேன். தோண்டாதீங்க, உரம் போடாதீங்க, புல்வெட்டி மெஷின அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க. இந்த மூணையும் இன்னைக்கே முடிவு பண்ணிட்டு அப்புறம் மீதிய நிதானமா படிங்க. ஏன்னா பூ வந்த சந்தோஷத்துல முதல் வாரத்துலயே செடிய கொன்னுடறவங்கதான் அதிகம், அதுவும் ரொம்ப அன்போட, மண்ணு மாத்தி, நல்ல தொட்டி வாங்கி வெச்சு.

ஆர்க்கிட்தானானு பாக்க ஆப்ப மட்டும் நம்பாதீங்க, ஒரு பூவ கிட்டத்துல பாருங்க. மொத்தம் ஆறு இதழ் இருக்கும், வெளியில மூணு உள்ள மூணு, அந்த உள் மூணுல ஒண்ணு மட்டும் மத்ததவிட வேற மாதிரி, அகலமா, புள்ளியோ கோடோ போட்டு, நாக்கு நீட்டின மாதிரி கீழ தொங்கும். இத உதடுனு சொல்லுவாங்க. நடுவுல மத்த பூக்கள்ல இருக்கற மாதிரி தனித்தனியா மகரந்தக் காம்பு எல்லாம் இருக்காது, ஆண் பாகமும் பெண் பாகமும் ஒண்ணா ஒட்டி ஒரே குட்டித் தூணா இருக்கும். மகரந்தமும் பொடியா உதிராது, ரெண்டு சின்ன உருண்டையா கட்டி இருக்கும். பூவுக்குப் பின்னாடி காம்பு மாதிரி தெரியறது உண்மையில காய் ஆகப்போற பாகம், பல இனத்துல அது முறுக்கின கயிறு மாதிரி திரும்பியிருக்கும், மொட்டுல மேல இருந்த உதடு கீழ வர்றதுக்காக பூவே 180 டிகிரி சுத்திக்குது. இலை நரம்பு நீளவாக்குல ஓடும். இது எல்லாம் பொருந்தினா ஆர்க்கிட்தான். பச்சையே இல்லாம பழுப்பு நிறத்துல தண்டு மட்டும் வந்தா கொஞ்சம் நிதானிங்க, அது மத்த செடியோட வேர்ல ஒட்டி வாழற ஓரோபாங்கி வகையா இருக்கலாம், நிறைய பேரு அத ஆர்க்கிட்னு நெனைச்சுக்கறாங்க.

அடுத்து, இத கண்டிப்பா பாத்துக்கணும்: காட்டு ஆர்க்கிட்னா அந்த ஊரு மண்ணோட ஆர்க்கிட்னு அர்த்தம் இல்ல. வட அமெரிக்காவுல தோட்டத்துல தானா முளைக்கற எபிபாக்டிஸ் ஹெல்லபோரின் ஐரோப்பாவுல இருந்து வந்தது, 1879ல நியூயார்க் மாநிலத்துல முதல்ல கண்டுபுடிச்சாங்க, இப்ப அது நடைபாதை விரிசல்ல கூட வருது. ஆஸ்திரேலியாவுல டைசா பிராக்டியேட்டானு ஒண்ணு, தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்து 1944ல மேற்கு ஆஸ்திரேலியாவோட ஆல்பனி ஊர் பக்கம் முதல்ல சேகரிச்சது, இன்னைக்கு அங்க களை. நம்ம ஆசியாவோட ஜுக்ஸைன் ஸ்ட்ராட்யூமாட்டிகா, புல்தரையில விரல் உயரத்துல வர்ற குட்டி வெள்ளைப் பூ ஆர்க்கிட், ஃப்ளோரிடாவுல போய் லான் முழுக்க பரவியிருக்கு. இந்த மாதிரி வெளியூர் இனம்னா நீங்க புடுங்கறது தப்பே இல்ல, டைசா மாதிரி ஒண்ணுன்னா புடுங்கறதுதான் சரி. அதனால பேர உறுதி பண்ணாம எந்தப் பக்கமும் முடிவு எடுக்காதீங்க. முழுச் செடி, இலை, ஒரு பூ முன்பக்கம், ஒரு பூ பக்கவாட்டுல, இப்படி நாலு போட்டோ எடுத்து உங்க பகுதி தாவரங்கள் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டுங்க.

இனி உள்ளூர் இனம்தான்னு வெச்சுக்கிட்டு பேசறேன்.

ஏன் தோண்டக்கூடாதுன்னா, நீங்க பாக்கற செடி பாதிதான். மீதிப் பாதி மண்ணுக்குள்ள இருக்கற பூஞ்சை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, மைக்ரோகிராம் கணக்குல எடை, உள்ள சேமிச்ச உணவுன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமே கிடையாது. அவரை விதை ஈரத்துணியில வெச்சா தன் சொந்த சோத்துல முளைச்சிடும், ஆர்க்கிட் விதையால அது முடியாது. காத்துல பறந்து எங்கயாவது விழுந்து, அங்க சரியான பூஞ்சையோட இழை அதுக்குள்ள நுழைஞ்சா, அந்த இழைய செரிச்சு அதுல இருந்து சர்க்கரை எடுத்துக்கிட்டு வளரும். இத 1899ல நோயல் பெர்னார்டுங்கற பிரெஞ்சு தாவரவியல்காரர் ஃபான்டன்ப்ளோ காட்டுல நியோட்டியா நிடஸ் ஏவிஸ்ங்கற ஆர்க்கிட்டோட நாத்துகள்ல கண்டுபுடிச்சார். அதுக்கு முன்னாடி வரைக்கும் ஆர்க்கிட் விதை ஏன் முளைக்க மாட்டேங்குதுன்னே தோட்டக்காரங்களுக்கு புரியாம இருந்துச்சு, தாய்ச்செடி இருக்கற தொட்டியிலயே விதைய தூவினா சில சமயம் முளைக்குதுன்னு மட்டும் அனுபவத்துல தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. 1922ல லூயிஸ் நட்சன் அமெரிக்காவுல சர்க்கரை கலந்த அகார்ல, அதாவது கடல்பாசியில இருந்து எடுக்கற ஜெல்லியில, பூஞ்சையே இல்லாம முளைக்க வெச்சு காட்டினார், இன்னைக்கு லேப்ல கண்ணாடி குப்பியில லட்சக்கணக்குல ஆர்க்கிட் வளர்க்கறது அதுல இருந்து வந்ததுதான்.

உங்க தோட்டத்துல வந்த கதைய இப்ப யோசிச்சு பாருங்க. ஒரு விதை எங்கிருந்தோ பறந்து வந்து விழுந்துச்சு, பூஞ்சை கெடைச்சுச்சு, அப்புறம் இலை கூட இல்லாம ப்ரோடோகார்ம்னு சொல்ற ஒரு சின்ன வெள்ளை உருண்டையா மண்ணுக்குள்ளயே கெடந்து, முழுக்க பூஞ்சை கொடுத்த சாப்பாட்டுல வளர்ந்து, பல வருஷம் கழிச்சுதான் பூத்திருக்கு. நீங்க இந்த வருஷம்தான் பாக்கறீங்க, அது ரொம்ப நாளா அங்கதான் இருந்திருக்கு. சார்லஸ் டார்வின் புள்ளி ஆர்க்கிட் ஒண்ணோட காய்ல விதை எவ்வளவுன்னு கணக்கு போட்டப்ப ஒரு காய்க்கு சுமார் 6,200னு வந்துச்சு, 30 காய் இருந்த ஒரு செடிக்கு 1,86,300. எல்லாம் முளைச்சா மூணாவது தலைமுறையில பூமியோட தரை முழுக்க கிட்டத்தட்ட மூடிடும்னு எழுதினார். ஆனா மூடல, ஏன்னா விதைக்கு குறைவே இல்ல, சரியான பூஞ்சை இருக்கற இடம்தான் அரிது. அப்படி ஒரு இடம் உங்க வீட்டு மண்ணுல இருக்கு, அதான் இங்க உண்மையான பொக்கிஷம்னு நான் நெனைக்கறேன், பூ அதோட அடையாளம்.

செடிய எடுத்து புது தொட்டி மண்ணுல வெச்சா என்ன ஆகும்னா, கிழங்குல இருக்கற சேமிப்ப வெச்சு அந்த வருஷம் பூத்துடும், சில சமயம் அடுத்த வருஷமும் இலை விடும், நீங்க ஜெயிச்சுட்டோம்னு நெனைப்பீங்க, அப்புறம் சிறுத்து சிறுத்து போயிடும். சில இனம் மாத்தி வெச்சா தாங்கும், எல்லாமே சாகும்னு நான் சொல்லல. ஆனா பூத்திருக்கற நேரத்துல தோண்டறது எந்த இனத்துக்கும் ஆகாது. ஐரோப்பா பக்கத்து ஆர்க்கிஸ், ஓஃப்ரிஸ், அனகாம்ப்டிஸ் வகையில எல்லாம் மண்ணுக்கடியில ரெண்டு கிழங்கு இருக்கும், ஒண்ணு பழசு, இந்த வருஷத்து பூவுக்கு செலவாகி சுருங்கிக்கிட்டு இருக்கும், இன்னொண்ணு புதுசு, வெளுப்பா, அடுத்த வருஷத்துக்கு இப்பதான் ஊறிக்கிட்டு இருக்கும். பூத்த சமயத்துல தோண்டினா பழசு காலி, புதுசு முடியல.

வீட்டுல கட்டட வேலை, அந்த இடத்த வெட்டித்தான் ஆகணும்னா மட்டும் வேற வழி இல்ல. அப்ப இலை காய்ஞ்சு செடி தூங்கப் போன பிறகு, நல்ல அகலமா, ஆழமா, மண்ணுக்கட்டி உடையாம, அதே தோட்டத்துல அதே மாதிரி வெயில் ஈரம் இருக்கற இடத்துக்கு மாத்துங்க. அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பாத்துக்கோங்க, பல நாடுகள்ல சில ஆர்க்கிட்ட தொடவே அனுமதி வாங்கணும், சொந்த நிலமா இருந்தாலும்.

புல்லு வெட்டற விஷயம்தான் உங்க கையில இருக்கற பெரிய ஆயுதம், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். பூ வாடினதும் வேலை முடிஞ்சதுன்னு மெஷின ஓட்டாதீங்க. காய் முத்தி, பழுப்பாகி, பக்கவாட்டுல கீறி விதை தூசி பறக்கற வரைக்கும் விடணும், அதுக்கு பூத்து முடிஞ்ச பிறகு ரெண்டு மாசம் கூட ஆகலாம். இலையும் மஞ்சளாகி தானா படுக்கணும், அப்பதான் புதுக் கிழங்கு நிரம்பியிருக்கும். அதுக்கப்புறம் வெட்டுங்க, வெட்டியே ஆகணும், விட்டுடக்கூடாது, ஏன்னா முழுக்க விட்டா முரட்டுப் புல்லும் புதரும் மேல ஏறி ஆர்க்கிட்ட அமுக்கிடும். வெட்டின புல்ல அங்கயே போடாம வாரி எடுத்துடுங்க, அது மக்கினா மண்ணுல சத்து கூடும், சத்து கூடினா புல்லுக்குத்தான் லாபம். இன்னொரு விஷயம், தேனீ ஆர்க்கிட்னு சொல்ற ஓஃப்ரிஸ் அபிஃபெரா மாதிரி சில இனம் இலையுதிர் காலத்துலயே தரையோட ஒட்டி இலைக்கொத்து விட்டுடும், குளிர் முழுக்க அந்த இலையாலதான் சம்பாதிக்கும். அதனால உங்க செடி எப்ப இலை விடுதுன்னு கவனிச்சு, அதுக்கு முன்னாடியே கடைசி வெட்ட முடிச்சுடுங்க. பூ இருக்கும்போதே ஒவ்வொரு செடி பக்கத்துலயும் ஒரு குச்சி நட்டு வெச்சா அப்புறம் தேட வேண்டாம்.

உரம் ஏன் வேணாம்னா, இந்தச் செடிங்க ஏழை மண்ணுக்காக பழகினது. நைட்ரஜன் போட்டா புல்லு எகிறும், பாஸ்பரஸ் கூடினா பூஞ்சையோட இருக்கற உறவே குலையும். களைக்கொல்லி, பாசிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மூணும் கூடாது, கடைசி ஒண்ணு ரொம்ப முக்கியம், பக்கத்துல ரோஜாவுக்கு அடிக்கற பூஞ்சை மருந்து கூட வழிஞ்சு வராம பாத்துக்கோங்க. ஐரோப்பாவுல புல்லோட வேகத்த குறைக்க ரைனாந்தஸ்னு ஒரு மஞ்சப்பூ செடிய விதைப்பாங்க, அது புல்லோட வேர்ல இருந்து உறிஞ்சி வாழறது, புல்லு மெலிஞ்சா ஆர்க்கிட்டுக்கு மூச்சு விட இடம் கெடைக்கும்.

தண்ணி விஷயம் இடத்த பொறுத்தது. ஆஸ்திரேலியாவோட தெற்குப் பக்கம் செப்டம்பர் அக்டோபர்ல பூக்கற கலடேனியா, டையூரிஸ், டெரோஸ்டைலிஸ் எல்லாம் கோடையில மண்ணுக்குள்ள கிழங்கா தூங்கும், அப்ப ஸ்ப்ரிங்ளர் தண்ணி விழுந்தா அழுகிடும். வறண்ட கோடை அதுக்கு கஷ்டம் இல்ல, தேவை. இரக்கப்பட்டு தண்ணி ஊத்தாதீங்க.

பூச்சிகள பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லாம விட மனசு வரல, ஏன்னா தோட்டத்துலயே இருக்கறதால உங்களுக்கு இத உக்காந்து பாக்கற வாய்ப்பு இருக்கு. உங்க ஊதா பூ ஆர்க்கிஸ் மாஸ்குலா மாதிரி ஒண்ணா இருந்தா அதுல தேனே கிடையாது. பின்னாடி தேன்குழல் மாதிரி நீளமா ஒண்ணு இருக்கும், உள்ள காலி. குளிர் முடிஞ்சு புதுசா வெளிய வந்த அனுபவம் இல்லாத வண்டுத்தேனீங்க ஏமாந்து நாலஞ்சு பூவுல தலைய விட்டுப் பாத்துட்டு போயிடும், அந்த நாலஞ்சு தடவைதான் செடிக்கு வேணும். டார்வின் கூர்மையான பென்சில ஒரு பூவுக்குள்ள விட்டு எடுத்தார், ரெண்டு மகரந்த உருண்டையும் பசையோட பென்சில்ல ஒட்டிக்கிட்டு நேரா நின்னுச்சு, ஒரு அரை நிமிஷத்துல தானா முன்பக்கமா மடங்குச்சு. மடங்கின பிறகு அடுத்த பூவுல விட்டா சரியா பெண் பாகத்துல போய் முட்டும், மடங்கறதுக்கு முன்னாடி விட்டா முட்டாது. அந்த அரை நிமிஷத்துல தேனீ அடுத்த செடிக்கு போயிருக்கும், அதனால சொந்த மகரந்தமே சொந்தப் பூவுக்கு சேர்றது குறையும். ஒரு காய்ஞ்ச புல் நுனிய வெச்சு ஒரே ஒரு பூவுல நீங்களும் செஞ்சு பாக்கலாம், செடிக்கு ஒண்ணும் ஆகாது.

ஓஃப்ரிஸ் வகை இன்னும் ஒரு படி மேல. பூவோட உதடு பெண் தேனீ மாதிரியே ரோமத்தோட இருக்கும், வாசனையும் அப்படியே. 1999ல ஓஃப்ரிஸ் ஸ்ஃபெகோடஸ் பூவோட வாசனைய பிரிச்சுப் பாத்தப்ப, ஆண்ட்ரீனா நைக்ரோஏனியாங்கற தேனீயோட பெண் விடற வாசனைப் பொருள்களே அதுல இருந்துச்சு. ஆண் தேனீ ஜோடின்னு நெனைச்சு பூமேல வந்து உக்காரும். ஆனா இது வேலை செய்யணும்னா ஆண் தேனீ வெளிய வந்து, பெண் தேனீ வர்றதுக்கு முன்னாடி இருக்கற இடைவெளியில பூ பூக்கணும். இங்கிலாந்துல பழைய சேகரிப்பு மாதிரிகள வெச்சு கணக்கு பண்ணினதுல, வசந்தத்துல வெப்பம் 1 டிகிரி கூடினா இந்தப் பூ சுமார் 6 நாள் முன்னாடி பூக்குது, ஆண் தேனீ 9 நாள் முன்னாடி வருது, பெண் தேனீ 15 நாளுக்கு மேல முன்னாடி வந்துடுது. நிஜப் பெண் வந்துட்டா பொய்ப் பெண்ண யாரு தேடுவா? சூடு கூடறது ஆர்க்கிட்டுக்கு எப்படி வலிக்குதுங்கறதுக்கு இதவிட தெளிவான கணக்கு நான் பாத்ததில்ல. தேனீ ஆர்க்கிட் மட்டும் தப்பிச்சுடும், அதோட மகரந்த உருண்டை தானா வளைஞ்சு தொங்கி காத்துல ஆடி தன் பூவுலயே ஒட்டிக்கும், அதனாலதான் ரோட்டோரம், தொழிற்சாலை லான், புது வீட்டு முற்றம்னு எங்க வேணா அது திடீர்னு வருது.

விதை நிறைய வேணும்னு எல்லா பூவுக்கும் கையால மகரந்தம் சேர்க்காதீங்க. சைப்ரிபீடியம் அகாலேங்கற வட அமெரிக்க ஆர்க்கிட்ல வருஷா வருஷம் கையால சேர்த்து காய் புடிக்க வெச்சு பாத்திருக்காங்க, தொடர்ந்து காய்ச்ச செடிங்க சிறுத்துப் போச்சு, பூக்கறதும் குறைஞ்சுச்சு. இயற்கையில அதுக்கு காய் ரொம்ப அபூர்வமா புடிக்கறதுதான் வழக்கம். தானா நாலு காய் வந்தா போதும், ஒரு காய்லயே ஆயிரக்கணக்குல விதை. அது முத்தினதும் அந்தத் தண்ட மெதுவா தட்டி செடிய சுத்தி ஒரு மீட்டர் ரெண்டு மீட்டருக்குள்ள உதிர்த்து விடுங்க, பூஞ்சை அங்க இருக்குன்னு ஏற்கனவே நிரூபணம் ஆயிடுச்சே.

அடுத்த வருஷம் வருமான்னா, வரலாம், வராமலும் போகலாம், வரலன்னா செத்துப்போச்சுன்னு மண்ண கிளறாதீங்க. நிறைய நில ஆர்க்கிட் ஒரு வருஷம், சில சமயம் அதுக்கு மேலயும், இலை கூட விடாம மண்ணுக்குள்ளயே இருந்துட்டு திரும்ப வரும். ஸ்வீடன்ல கார்ல் ஓலோஃப் டாம் 1940கள்ல தொடங்கி ஒவ்வொரு செடியா குறிச்சு வெச்சு பல பத்து வருஷம் பின்தொடர்ந்தார், சில செடிங்க அவரோட கூடவே வயசாச்சு. இங்கிலாந்துல ஸஸெக்ஸ்ல 1975ல இருந்து மேல சொன்ன ஓஃப்ரிஸ் ஸ்ஃபெகோடஸ எண்ணிக்கிட்டு வந்தாங்க. இப்படி வருஷக்கணக்கா ஒரே இடத்த எண்ணினதாலதான் காணாமப் போறதும் செத்துப் போறதும் வேற வேறன்னு தெரிய வந்துச்சு. நீங்களும் ஒரு நோட்டு போடுங்க: எந்தக் குச்சி, எந்தத் தேதி முதல் பூ, எத்தன பூ, எத்தன காய். மூணு வருஷம் எழுதினாலே உங்க செடியோட குணம் புரிஞ்சிடும்.

நத்தையும் முயலும் தொல்லைன்னா நத்தை மருந்து போடாம தண்ட சுத்தி ஒரு கம்பிவலைக் கூண்டு வைங்க, மேல திறந்திருக்கணும், பூச்சி வந்து போக.

இன்னும் ஆர்க்கிட் வேணும்னு ஆசை வந்தா காட்டுல இருந்து எடுத்தத விக்கறவங்ககிட்ட வாங்கவே வாங்காதீங்க. விலை கம்மியா, வேரு வெட்டுப்பட்டு, இலையில பூச்சிக்கடி, ஒவ்வொண்ணும் வேற வேற சைஸ்ல இருந்தா அது காட்டுல புடுங்கினதா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஆர்க்கிட் குடும்பத்துல சுமார் 28,000 இனம் இருக்கு, அத்தனையும் சைட்டிஸ்ங்கற, அரிய செடி விலங்குகளோட சர்வதேச வியாபாரத்த கட்டுப்படுத்தற ஒப்பந்தத்துக்குள்ள வருது, நாடு விட்டு நாடு கொண்டு போக பேப்பர் வேணும். விதையில இருந்து லேப்ல வளர்த்தத விக்கற நர்சரி இருக்கு, குளிர் இடத்துக்கு டாக்டைலோரைசா, ப்லெட்டில்லா, சூடான இடத்துக்கு ஸ்பேதோக்ளாட்டிஸ் எல்லாம் தோட்டத்துல நல்லா வரும். அதையும் தானா வந்த செடிங்க பக்கத்துல நடாதீங்க, தள்ளி நடுங்க. நெருங்கின இனங்க சுலபமா கலந்துடும், தொட்டி மண்ணோட நோயும் சேந்து வந்துடும்.

கடைசியா, நெட்ல போட்டோ போடற விஷயம். 2021ல லண்டன்ல ஒரு பேங்க் கட்டடத்தோட 11வது மாடித் தோட்டத்துல செராபியஸ் பார்விஃப்ளோரா பூத்திருந்தது செய்தியில வந்துச்சு, பிரிட்டன்லயே அழிஞ்சுபோச்சுன்னு நெனைச்ச செடி. அது மொட்டைமாடி, யாரும் ஏறிப் போய் புடுங்க முடியாது, அதனால இடம் தெரிஞ்சாலும் பரவால்ல. உங்க வீட்டு முன்னாடி வேலி கூட இல்லன்னு எழுதியிருக்கீங்க. போட்டோ போடும்போது லொகேஷன ஆஃப் பண்ணிடுங்க, பின்னாடி வீட்டு நம்பரோ தெருப் பலகையோ தெரியாத மாதிரி எடுங்க. அரிய இனம்னு உறுதியாச்சுன்னா உங்க பகுதி தாவரப் பதிவு வெக்கறவங்களுக்கு மட்டும் சரியான இடத்தோட சொல்லுங்க. பேரு தெரிஞ்சதும் இங்க எழுதுங்க, அந்த இனத்துக்கு எந்த மாசம் புல்லு வெட்டலாம்னு சரியா சொல்றேன்.